பிரிட்டனி எப்படி பிரான்ஸ் ஆனது? டியூக் நாடுகளின் இணைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நார்மண்டி, பர்கண்டி, பிரிட்டனி, லொரேன். இன்று இவை பிரான்ஸின் வட்டாரப் பெயர்கள். ஒரு காலத்தில் ஒவ்வொன்றையும் ஒரு டியூக் தன் விருப்பப்படி ஆண்டுகொண்டிருந்தார். இவற்றைப் பக்கத்து அரசு விழுங்கிய விதம் ஊருக்கு ஊர் வேறு. இந்தப் பக்கத்தில் பிரிட்டனியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறோம். அங்கே இணைப்பு ஒரே நாளில் முடியவில்லை. போரில் தொடங்கி, மூன்று கல்யாணங்களைத் தாண்டி, ஒரு ஒப்பந்தத்தில் நின்று, அந்த ஒப்பந்தம் காப்பாற்றப்பட்டதா என்ற சண்டையாக முந்நூறு ஆண்டுகள் நீண்டது.

டியூக் நாடு என்றால் தனி நாடா, மாகாணமா?

சட்டப்படி பார்த்தால் டியூக் அரசருக்குக் கீழ்ப்பட்டவர். பதவிக்கு வரும்போது அரசர் முன் வந்து விசுவாசம் சொல்ல வேண்டும். நடைமுறையில் 15ஆம் நூற்றாண்டு பிரிட்டனி தனி நாடாகவே இருந்தது. சொந்த நாணயம், சொந்தப் படை, சொந்த வரி, இங்கிலாந்துக்கும் ரோமுக்கும் அனுப்பச் சொந்தத் தூதர்கள். 1460ல் நாந்த் நகரில் ஒரு பல்கலைக்கழகமும் வந்தது. பிரெஞ்சு அரசருக்கு விசுவாசம் சொல்லும்போதுகூட பிரிட்டனி டியூக் மண்டியிடுவதில்லை. இடுப்பில் வாளோடு நின்றபடியே சொல்வார். சடங்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. மண்டியிட்டால் முழு அடிமைச் சத்தியம், நின்றால் வெறும் கூட்டாளிச் சத்தியம் என்பது இரண்டு பக்கத்துக்கும் தெரிந்திருந்தது.

பிரெஞ்சு அரசர்களுக்கு பிரிட்டனி மேல் ஏன் அவ்வளவு கண்?

முதல் காரணம் அது இருக்கும் இடம். அட்லாண்டிக் கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் தீபகற்பம் அது. இங்கிலாந்துப் படை வந்து இறங்க அதைவிட வசதியான கரை கிடையாது.

இரண்டாவது, அரசரோடு முறைத்துக்கொண்ட எல்லோருக்கும் அதுதான் புகலிடம். பின்னாளில் இங்கிலாந்தின் ஏழாம் ஹென்றி ஆன ஹென்றி டியூடர் சுமார் பதின்மூன்று ஆண்டு ஒளிந்திருந்தது பிரிட்டனியில்தான். பிரெஞ்சு அரச குடும்பத்தைச் சேர்ந்த ஓர்லேயான் டியூக் லூயியும் அங்கே ஓடிவந்து, தன் அரசருக்கு எதிராகவே வாள் பிடித்தார். இந்த லூயியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

மூன்றாவது, 1477ல் பர்கண்டியின் டியூக் சார்ல் நான்ஸி போர்க்களத்தில் செத்ததும், அரசரை எதிர்த்து நிற்கக்கூடிய பெரிய டியூக் நாடு என்று மிஞ்சியது பிரிட்டனிதான். அப்போதைய பிரெஞ்சு அரசர் பதினோராம் லூயி அதற்கும் காய் நகர்த்திவிட்டார். பிரிட்டனி அரியணைக்கு உரிமை கொண்டாடிய இன்னொரு குடும்பத்தின் உரிமையை 1480ல் காசு கொடுத்து வாங்கி வைத்துக்கொண்டார்.

1488ல் என்ன நடந்தது?

டியூக் இரண்டாம் பிரான்சுவாவின் படையை ஜூலை 28 அன்று சாந்தொபான் என்ற ஊருக்கு அருகே பிரெஞ்சுப் படை நொறுக்கியது. பிரிட்டனி பக்கம் 6,000 பேர் வரை செத்தார்கள். ஓர்லேயான் லூயி பிடிபட்டுச் சிறைக்குப் போனார். அடுத்த மாதமே கையெழுத்தான ஒப்பந்தத்தில் மிக முக்கியமான வரி ஒன்று இருந்தது: டியூக்கின் மகள்களை பிரெஞ்சு அரசரின் சம்மதம் இல்லாமல் யாருக்கும் கட்டிக்கொடுக்கக் கூடாது. டியூக்குக்கு ஆண் வாரிசு இல்லை. ஆக, மகளின் கல்யாணத்தைக் கையில் வைத்திருப்பவர் கையில்தான் நாடு. செப்டம்பரில் டியூக் இறந்துபோனார். மூத்த மகள் ஆன், பதினோரு வயதில் பிரிட்டனியின் ஆட்சிக்கு வந்தாள்.

அந்தச் சிறுமி எப்படித் தாக்குப்பிடித்தாள்?

உண்மையில் வியக்கவேண்டிய கதை இது. கஜானா காலி. கோட்டைகள் பாதி பிரெஞ்சுக்காரர் கையில். சொந்த நாட்டுப் பிரபுக்களே விலை பேசிக்கொண்டிருந்தார்கள். அந்த நிலையில் ஆனும் அவளுடைய ஆலோசகர்களும் பெரிய இடமாகத் தேடினார்கள். ஆஸ்திரியாவின் மாக்ஸிமிலியன், பிரான்ஸின் பெரும் எதிரி, மனைவியை இழந்தவர். 1490 டிசம்பரில் ரென் நகரில் கல்யாணம் நடந்தது, ஆனால் மாப்பிள்ளை வரவில்லை. அவருக்குப் பதில் தூதர் வந்தார். சாட்சிகள் முன்னிலையில் தூதர் ஒரு காலை மட்டும் முழங்கால்வரை திறந்து மணப்பெண்ணின் படுக்கைக்குள் வைத்தார். அந்தக் காலத்துச் சட்டத்துக்கு அது போதும், கல்யாணம் முடிந்தது.

மாக்ஸிமிலியனுக்கு அப்போது ஹங்கேரியில் போர். அவரிடமிருந்து பெரிய படை எதுவும் வந்துசேரவில்லை. ஒப்பந்தத்தை மீறி அரசரின் சம்மதமில்லாமல் நடந்த கல்யாணம் என்று சொல்லி, பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்ல் 1491ல் ரென் நகரை முற்றுகையிட்டார். சம்பளம் கிடைக்காத கூலிப்படை, உணவு தீர்ந்துகொண்டிருந்த நகரம். கடைசியில் பதினான்கு வயது ஆன், தன்னை முற்றுகையிட்டவரையே மணக்கச் சம்மதித்தாள். டிசம்பர் 6 அன்று லாஞ்சே கோட்டையில் கல்யாணம். முந்தைய கல்யாணத்தை ரத்து செய்யும் போப்பின் அனுமதி அதற்குப் பிறகுதான் வந்தது.

இதில் இன்னொரு பெண்ணும் அடிபட்டாள். மாக்ஸிமிலியனின் மகள் மார்கரெட்டை மூன்று வயதிலேயே சார்லுக்கு நிச்சயம் செய்து, பிரெஞ்சு அரண்மனையில் வருங்கால ராணியாக வளர்த்தார்கள். பத்து ஆண்டுக்குப் பிறகு அவளைத் தகப்பன் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அது கட்டாயக் கல்யாணம்தானே? சிலர் அவளே விரும்பிச் செய்தாள் என்கிறார்களே?

சம்மதித்தாள் என்பதற்கு ஆவணம் இருக்கிறது. நகரைச் சுற்றிப் படை நிற்கும்போது கிடைத்த சம்மதத்தை விருப்பம் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை. கல்யாண ஒப்பந்தத்தைப் படித்தாலே யார் எழுதியது என்று தெரிந்துவிடும்: ஆண் வாரிசு இல்லாமல் சார்ல் இறந்தால், ஆன் அடுத்த பிரெஞ்சு அரசரைத்தான் மணக்க வேண்டும். ஆளை விட்டாலும் நாட்டை விடுவதில்லை என்பதுதான் அதன் பொருள்.

சரி, அப்படியே நடந்ததா?

நடந்தது. 1498 ஏப்ரலில் சார்ல், அம்புவாஸ் கோட்டையில் ஒரு தாழ்வான வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டு, சில மணி நேரத்தில் இறந்தார். பிறந்த பிள்ளைகள் ஒன்றும் தங்கவில்லை. அடுத்த அரசர் பன்னிரண்டாம் லூயி. பத்து ஆண்டு முன் ஆனின் தகப்பனோடு நின்று போரிட்டுச் சிறைபோன அதே ஓர்லேயான் லூயி.

ஆனால் இம்முறை ஆனுக்கு வயது 21, கைம்பெண், தன் நாட்டுக்குத் திரும்பிப் போகும் உரிமை உள்ளவள். லூயிக்கோ ஏற்கெனவே மனைவி இருந்தார். அந்த மணத்தைப் போப் ரத்து செய்ய மாதங்கள் பிடித்தன. அந்த இடைவெளியை ஆன் வீணாக்கவில்லை. பிரிட்டனிக்குப் போய், சார்ல் முடக்கிவைத்திருந்த நிர்வாகத்தை மறுபடி எழுப்பினாள். அரியணையில் தான் அமர்ந்திருக்கும் தங்க நாணயம் ஒன்றைத் தன் பெயரில் அடித்தாள். 1499 ஜனவரியில் நாந்த் நகரில் லூயியை மணந்தபோது, ஒப்பந்தம் அவள் பக்கம் சாய்ந்திருந்தது: பிரிட்டனியை அவளே ஆள்வாள், அது மூத்த பிள்ளைக்குப் போகாமல் இரண்டாவது பிள்ளைக்குப் போகும். அதாவது பிரான்ஸின் அரியணையும் பிரிட்டனியின் அரியணையும் ஒரே ஆளிடம் சேராது.

என் பார்வையில் ஆனின் பெரிய சாதனை இந்த 1499 ஒப்பந்தம்தான். முற்றுகைக்குள் பறிபோனதில் பாதியை ஒரு பேனாவால் மீட்டாள்.

அப்புறம் ஏன் அது நிற்கவில்லை?

ஆண் பிள்ளை தங்காததால். பிழைத்தவர்கள் இரண்டு மகள்கள், குளோதும் ரெனேயும். மூத்தவள் குளோதை ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்ப வாரிசான சார்லுக்கு (பின்னாளில் பேரரசர் ஐந்தாம் சார்ல்) கொடுக்க ஆன் விரும்பினாள். 1504ல் ஒப்பந்தமும் போட்டாள். ஆனால் 1506ல் தூர் நகரில் கூடிய சபையில், குளோதை அரியணைக்கு அடுத்து நின்ற அங்குலேம் பிரான்சுவாவுக்குக் கொடுங்கள் என்று பிரதிநிதிகள் கேட்க, லூயி ஒப்புக்கொண்டார். ஆன் கடைசிவரை மறுத்தாள். 1514 ஜனவரியில் அவள் இறந்தாள். மே மாதமே குளோதுக்கும் பிரான்சுவாவுக்கும் கல்யாணம். 1499ல் எழுதிய இரண்டாவது பிள்ளை விதியை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

1515ல் பிரான்சுவா, முதலாம் பிரான்சுவா என்ற பெயரில் அரசரானார். குளோத் பிரிட்டனி நிர்வாகத்தைக் கணவரிடம் விட்டுவிட்டு, 24 வயதில் 1524ல் இறந்தாள். நாடு அவர்களுடைய மூத்த மகனுக்கு என்று எழுதிவைத்தாள்.

அப்படியானால் 1532ல் கையெழுத்தானது எதற்கு?

அதுவரை பிரிட்டனியும் பிரான்ஸும் ஒரே குடும்பத்தின் இரண்டு சொத்துகள், அவ்வளவுதான். இன்னொரு பரம்பரை வந்தால் மறுபடி பிரிந்துவிடும். அதை நிரந்தரமாக முடிச்சுப் போட அரசர் விரும்பினார். ஆணையாகப் போட்டிருக்கலாம். ஆனால் திணித்த இணைப்பை நாளைக்கு எவரும் செல்லாது என்று சொல்லலாம்; கேட்டுப் பெற்ற இணைப்பை அப்படிச் சொல்ல முடியாது. அதனால் கோரிக்கை பிரிட்டனியிலிருந்தே வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தார்கள்.

குருமார், பிரபுக்கள், நகரப் பிரதிநிதிகள் என மூன்று தரப்பும் கொண்டது பிரிட்டனி சபை. அது 1532 ஆகஸ்டில் வான் நகரில் கூடியது. அரசரும் ஊரில் இருந்தார். எதிர்ப்பு இருந்தது, வாக்குவாதமும் நடந்தது. கடைசியில் ஆகஸ்ட் 4 அன்று, எங்களை நிரந்தரமாக பிரான்ஸோடு சேர்த்துக்கொள்ளுங்கள், எங்கள் உரிமைகளைக் காப்பாற்றுங்கள் என்று சபையே விண்ணப்பித்தது. அதே மாதம் நாந்த் நகரில் இணைப்பு ஆணை வந்தது. செப்டம்பரில் இன்னொரு ஆணை, உரிமைகளை எழுத்தில் உறுதிசெய்தது.

கடைசி டியூக், குளோதின் மகன் மூன்றாம் பிரான்சுவா. அவருக்கு ரென் நகரில் முடிசூட்டினார்கள், 1536லேயே இறந்துவிட்டார். அவருக்குப் பின் வந்த தம்பி ஹென்றி 1547ல் பிரெஞ்சு அரசரானதும் டியூக் பட்டம் தானாகவே மறைந்தது.

அந்த உரிமைகள் என்னென்ன?

மூன்றைச் சொன்னால் போதும். சபையின் சம்மதம் இல்லாமல் புது வரி கிடையாது. பிரிட்டனிக்காரரை வழக்குக்காக வெளியூருக்கு இழுக்கக் கூடாது. அங்கத்திய தேவாலயப் பதவிகள் அங்கத்தியருக்கே.

சாமானியரின் சமையலறைவரை போனது வரி விஷயம்தான். பிரான்ஸின் பெரும்பகுதியில் உப்புக்குக் கடுமையான வரி. குறிப்பிட்ட அளவு உப்பை அரசுக் கிடங்கில் வாங்கியே ஆகவேண்டும் என்ற கட்டாயமும் உண்டு. பிரிட்டனிக்கு அந்த வரி இல்லை. கெராந்த் உப்பளங்கள் அவர்களுடையவை. எல்லையைத் தாண்டி மேன் பகுதிக்குள் கால் வைத்தால் அதே உப்பு சுமார் இருபது மடங்கு விலை. விடுவார்களா? ஆண்கள், பெண்கள், பழக்கிய நாய்கள் என்று எல்லையெங்கும் உப்புக் கடத்தல். ஆயுதத்தோடு பிடிபட்டால் துடுப்புக் கப்பலில் தண்டனை. பிரிட்டனியின் உப்பு வெண்ணெய் இன்றும் பிரபலம். உப்பு மலிவாகக் கிடைத்த ஊரில் வெண்ணெயில் தாராளமாகச் சேர்த்தது இயல்புதான்.

பிரெஞ்சு அரசு சொன்ன சொல்லைக் காப்பாற்றியதா?

ஓரளவுக்கு, நீண்ட காலம். சபை கூடியது, வரிக்குப் பேரம் பேசியது. 1554ல் பிரிட்டனிக்கென்று ஓர் உயர் நீதிமன்றம் நிலையாக அமைந்தது. சண்டை வந்தது பதினான்காம் லூயி காலத்தில்.

ஹாலந்தோடு நடந்த போருக்குப் பணம் தேடி, முத்திரைத்தாள், புகையிலை, ஈயப் பாத்திரம் ஆகியவற்றுக்கு அரசு புது வரி போட்டது. இது எங்கள் ஒப்பந்தத்துக்கு எதிரானது என்று 1675ல் ரென், நாந்த் நகரங்கள் எழுந்தன. கோடையில் மேற்கே குடியானவர்கள் எழுந்தார்கள். அவர்களுக்கு வரியோடு நிலப்பிரபுக்கள் மேலும் கோபம். சிவப்புத் தொப்பிக் கலகம் என்று பெயர். அரசு அடக்கிய விதம் கொடூரமானது. தூக்கு, துடுப்புக் கப்பல், வீடுவீடாகப் படை. ரென் நகரின் ஒரு தெருவில் குடியிருந்தவர்களைத் துரத்திவிட்டு வீடுகளை இடித்தார்கள். உயர் நீதிமன்றத்தையே வான் நகருக்கு விரட்டி 1690வரை அங்கே வைத்தார்கள். கலகத்துக்கு மணியடித்த ஊர்களின் தேவாலயக் கோபுரங்களை வெட்டினார்கள். பொன் லாபே அருகே லாம்பூர் தேவாலயம் இன்றும் கோபுர நுனி இல்லாமல்தான் நிற்கிறது.

பிறகு 1720ல் பொன்கலெக் என்ற பிரபுவையும் மூன்று பேரையும் சதிக் குற்றத்துக்காக நாந்த் நகரில் தலை வெட்டினார்கள். அவர்களும் பேசியது பிரிட்டனியின் உரிமை என்ற மொழியில்தான்.

உரிமைகள் எப்போது போயின?

பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1789 ஆகஸ்ட் 4 இரவு. வெர்சாயில் கூடிய தேசிய சபை, பிரபுக்களின் சலுகைகளோடு மாகாணங்களின் தனி உரிமைகளையும் ஒழித்தது. பிரிட்டனி சபை இணைப்பைக் கேட்ட அதே தேதி. அந்த இரவில் நிலப்பிரபுத்துவத்துக்கு எதிராக ஆவேசமாகப் பேசியவர்களில் பிரிட்டனிப் பிரதிநிதியான ல குவென் த கெராங்கல் ஒருவர். இதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பழைய உரிமைகளால் நிஜமாகப் பயன் அடைந்தவர்களில் பிரபுக்கள் முன்வரிசை. ஊர்ச் சாமானியனுக்குச் சம உரிமை பெரிதாகப் பட்டதில் தவறில்லை.

ஆனாலும் சட்டக் கேள்வி நிற்கிறது. இணைப்பு இரண்டு தரப்பு ஒப்பந்தம்; ஒரு தரப்பான பிரிட்டனி சபையைக் கூட்டிக் கேட்காமலே அது கலைக்கப்பட்டது. ரென் நீதிபதிகள் இதை 1790 ஜனவரியில் தேசிய சபை முன் நின்று சொன்னார்கள். புரட்சியின் பிரபலப் பேச்சாளர் மிராபோ அவர்களைக் கடுமையாகச் சாடினார், சபையும் கேட்கவில்லை. பிரிட்டனியை ஐந்து மாவட்டங்களாக வெட்டினார்கள்.

மற்ற டியூக் நாடுகள்?

நார்மண்டி போரில் போனது. இங்கிலாந்து அரசர் ஜானிடமிருந்து பிலிப் அகஸ்து 1204ல் பிடுங்கினார். டியூக் பட்டம் அதற்குப் பிறகும் எப்போதாவது அரச குடும்பத்தில் ஒருவருக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது. பதினோராம் லூயி அதைத் தன் தம்பியிடமிருந்து மீட்டு, 1469ல் ரூவான் நகரில் எல்லோரும் பார்க்க டியூக்கின் மோதிரத்தைப் பட்டறைக் கல்லில் வைத்து உடைக்கச் செய்தார்.

பர்கண்டியை அதே லூயி 1477ல், ஆண் வாரிசு இல்லை என்று கைப்பற்றினார். 1526ல் முதலாம் பிரான்சுவா, பேரரசர் ஐந்தாம் சார்லின் சிறையிலிருந்து வெளியே வர அதைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திட்டபோது, பர்கண்டிக்காரர்களே மறுத்தார்கள். ஐம்பது ஆண்டில் மனம் மாறியிருந்தது.

லொரேன் கதை பேரம். டியூக் பிரான்சுவா அதை விட்டுக்கொடுத்தார், ஈடாக அவருக்கு இத்தாலியின் டஸ்கனி கிடைத்தது. லொரேன், பதவியிழந்த போலந்து அரசர் ஸ்தானிஸ்லாஸுக்குப் போனது. அவர் பதினைந்தாம் லூயியின் மாமனார். அவர் ஆயுள்வரை ஆளலாம், பிறகு பிரான்ஸுக்கு என்று ஏற்பாடு. 1766ல் அவர் இறந்தார், லொரேன் சேர்ந்தது.

பிரிட்டனி நெடுஞ்சாலையில் டோல் இல்லை. ஆன் ராணி போட்ட ஒப்பந்தம்தான் காரணமாமே?

இல்லை. மக்கள் ஆசையோடு சொல்லும் கதை இது. ஆனின் ஒப்பந்தங்களில் சாலைச் சுங்கம் பற்றி அப்படி எதுவும் இல்லை. 1532ன் உரிமைகளும் 1789ல் முடிந்துவிட்டன. தூரத்தில் கிடக்கும் தீபகற்பம் பின்தங்கக் கூடாது என்று 1969ல் அரசு போட்ட சாலைத் திட்டம்தான் காரணம்.

ஆன் பிரெத்தோன் மொழி பேசினாளா?

பேசியதற்குச் சான்று இல்லை. டியூக்குகளின் அவை பல தலைமுறையாகவே பிரெஞ்சு பேசியது. மேற்குப் பாதியில் மக்கள் பிரெத்தோன் பேசினார்கள், கிழக்கில் காலோ. பிரெத்தோனைப் பெரிதும் நசுக்கியது 1532 அல்ல. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்த பள்ளிக்கூடம்.

ரென் நகர மண்டபத்தில் குண்டு வைத்தார்களாமே?

ஆமாம். பிரெஞ்சு அரசர் முன் பிரிட்டனி ஒரு பெண்ணாக மண்டியிட்டிருக்கும் சிற்பம் ஒன்றை 1911ல் அங்கே நிறுவினார்கள். நின்றபடி சத்தியம் செய்த டியூக்குகளின் நாட்டை மண்டியிட வைத்தது எவ்வளவு பேரைப் புண்படுத்தியிருக்கும்! இணைப்பின் 400ஆம் ஆண்டு விழா நாளில், 1932 ஆகஸ்ட் 7 அன்று, க்வென் ஹா து என்ற ரகசியக் குழு அதைத் தகர்த்தது.

நாந்த் ஏன் இன்றைய பிரிட்டனியில் இல்லை?

டியூக்குகளின் கோட்டை இருக்கும் ஊர், ஆன் பிறந்த ஊர். 1941ல், இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனிக்கு அடங்கி நடந்த பிரான்ஸின் விஷி அரசு, நாந்த் இருக்கும் மாவட்டத்தைப் பிரித்தது. 1950களில் வட்டாரங்களை வகுத்தபோதும் அது வெளியிலேயே விடப்பட்டது. மீண்டும் சேர்க்கச் சொல்லி இன்றுவரை போராட்டம் நடக்கிறது.

நம் ஊரோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு. புதுச்சேரிக்கு வந்த பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல்களுக்குத் தாய்த் துறைமுகம் லொரியான். பிரிட்டனியின் தென்கரையில் 1666ல் அந்தக் கம்பெனிக்காகவே உருவான ஊர். 1746ல் சென்னையைப் பிடித்த லா பூர்தொனே, பிரிட்டனியின் சாந் மாலோவில் பிறந்தவர்.

நேரில் போனால் எதைப் பார்க்கலாம்?

நாந்த் கோட்டையில் தொடங்குங்கள். முற்றத்துக்கும் மதில்மேல் நடைக்கும் கட்டணம் இல்லை. அதே நகரில், ஆனின் இதயத்தை வைத்து அனுப்பிய தங்கப் பேழை தொப்ரே அருங்காட்சியகத்துக்கு உரியது. 2018ல் திருடுபோய் சில நாளிலேயே மீட்கப்பட்டது. வான் நகரில் சபை கூடிய லா கோயு கட்டடம் இப்போது அருங்காட்சியகம். லாஞ்சே கோட்டை பிரிட்டனிக்கு வெளியே, லுவார் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1491 கல்யாணத்தை அங்கே மெழுகுப் பொம்மைகளால் காட்சியாக வைத்திருக்கிறார்கள்.